கையடக்கக் கணினியும் கடையின் கணக்கும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்தாளுவேன் என அவர்கள் எண்ணியிருப்பர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ கையடக்க விளையாட்டுக் கணினி. இதற்குக் காரணர் நம் பழைய மாணவர் ஒருவரே. அவரும் யானும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பல்லாண்டாக வெளிநாட்டிலே தொழில் புரியும் அவர் சென்ற விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது கல்லூரியையும் பார்க்க வந்தார். பையிலிருந்து பொறியொன்றை எடுத்து, "மச்சான், இதை ஒருக்காப் பிடிச்சுப் பார்" என்று என் கையில் வைத்தார். நடுவே திரை, இருபுறமும் பிடி, பெருவிரல்களுக்கு இரு சிறு கோல்கள், சுற்றிலும் பொத்தான்கள். மேசைக் கணினியில் ஓடும் ஆட்டங்கள் இதிலும் ஓடும் என்றார். ஓடவும் செய்தன. மழையும் காடும் குதிரை வீரனும் கண்முன் உயிர்பெற்று எழுந்ததைக் கண்டு யான் வியந்தது உண்மை. ஆயின் ஒன்றரை மணித்தியாலம் கழியுமுன் பொறி சூடேறி, விசிறி இரைந்து, பின் மின்கலம் தீர்ந்து அணைந்தது. நண்பர் பிளக் தேடிச் சுவரோரம் போனார். எக்கம்பனியின் பொறி என்பது இங்கு வேண்டியதில்லை. இவ்வினத்துப் பொறிகள் பலவற்றின் இயல்பு அதுவே. அன்று தொடங்கி இவற்றின் சந்தையைப் பற்றி யான் படித்தறிந்தவற்றையும், அவற்றால் என்னுள் உறுதிப்பட்ட கருத்தொன்றையும் ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

கருத்து இதுவே: கையிலே கொண்டு திரியும் பொறிக்கு வலுவைக் காட்டிலும் சிக்கனமே சிறந்த குணம். இச்சந்தையிற் போட்டியிடும் கம்பனிகளுட் பல அதனை விடுத்து வலுவையே விற்கின்றன. அங்ஙனம் விற்பதற்குக் காரணம் அவர்களது அறியாமையன்று. அவர்களது வாணிகத்தின் அமைப்பேயாம். விளையாட்டுச் சாமானுக்கு என்ன ஆராய்ச்சி என்று முகஞ் சுளிக்கும் பெரியோர் நம் ஆசிரியர் அறையிலும் உளர். வெளிநாட்டிலுள்ள தம் பேரப்பிள்ளைகள் இச்சாமானுக்கெனச் செலவிடும் பணத்தை அவர்கள் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பாராயின், அம்முகம் வேறுவிதமாகச் சுளியும்.

சிக்கனத்தின் பெருமையை இத்துறையில் முதன்முதற் செயலிற் காட்டியவர் குன்பெய் யொகோயி என்னும் யப்பானியர். 1941ஆம் ஆண்டு கியோத்தோ நகரிற் பிறந்த அவர் 1965இல் நின்டெண்டோ கம்பனியில் வேலைக்கமர்ந்தார். அக்காலத்தில் அக்கம்பனி சீட்டுக்கட்டுச் செய்து விற்றுவந்தது. சீட்டுச் செய்யும் இயந்திரங்களைப் பராமரிப்பதே யொகோயியின் வேலை. பின்னாளிற் புகைவண்டியிலே பயணி ஒருவர் பொழுது போகாமற் கணிப்பான் ஒன்றின் பொத்தான்களை அழுத்தி விளையாடியதை அவர் கண்டாராம். அதிலிருந்து பிறந்ததே 1980இல் வெளிவந்த 'கேம் அன்ட் வாச்' என்னுஞ் சிறு பொறி. கணிப்பான்களின் திரை அப்பொழுது மலிந்து கிடந்தது. அதையே அவர் எடுத்துக்கொண்டார். புதிதாக வந்த விலையுயர்ந்த நுட்பத்தை நாடாது, நன்கு பழகி மலிந்துபோன நுட்பத்தைப் புதுவழியில் ஆளுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு அவர் இட்ட யப்பானியத் தொடரிலே 'உலர்ந்த நுட்பம்' என்னும் பொருள்படும் சொல் வருகின்றது. உலர்ந்தது என்றதும் பயனற்றது என்று கொள்ளவேண்டா. அடுப்படியில் நிற்பவர்க்குத் தெரியும், பச்சை விறகு புகையும், காய்ந்த விறகே எரியும்.

1989 ஏப்பிரலில் யப்பானில் வெளிவந்த 'கேம் போய்' அக்கொள்கையின் நிறைந்த வடிவம். அதன் திரைக்கு நிறமில்லை, பின்னொளியில்லை. மங்கிய பச்சைத் தளத்தின்மேல் நான்கு நிழற்படிகள் மாத்திரமே. அதே ஆண்டில் அட்டாரி கம்பனி 'லிங்ஸ்' என்னும் பொறியை வெளியிட்டது; அதற்கு நிறத்திரையும் உண்டு, பின்னொளியும் உண்டு. அடுத்த ஆண்டு சேகா கம்பனியின் 'கேம் கியர்' வந்தது; அதுவும் அவ்வாறே. கடைக்கண்ணாடிக்குள் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தவன் கேம் போயை எடுத்திருக்க மாட்டான். ஆயின் கேம் போய் நான்கு சிறு உலர்மின்கலங்களிற் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. மற்றவை ஆறு மின்கலங்களை விழுங்கிவிட்டு நாலைந்து மணித்தியாலத்தில் ஓய்ந்தன. அமெரிக்காவிற் கேம் போயின் விலை ஏறத்தாழ 90 டொலர். லிங்ஸின் விலை ஏறத்தாழ 180 டொலர். கேம் போயும் அதன் நிறத்திரை வழித்தோன்றலும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 86 இலட்சம் விற்றன. கேம் கியர் ஒரு கோடியளவில் நின்றது. லிங்ஸ் அந்த எல்லையையும் எட்டவில்லை. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரிலே குண்டுவீச்சிற் கருகிய கேம் போய் ஒன்று, ஓடிக்கொண்டிருந்தபடியே நியூயோர்க் நகரத்து நின்டெண்டோ கடையிற் பல்லாண்டு காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. விளம்பரந்தான், ஆயினும் பொய்யான விளம்பரமன்று.

இதே கதை 2004இலும் நடந்தது. சோனி கம்பனியின் பி.எஸ்.பி. பார்வைக்கு அழகிய, வலுமிக்க பொறி. அமெரிக்காவில் 250 டொலர். நின்டெண்டோவின் டி.எஸ். வலுவிற் குறைந்தது, 150 டொலர். பி.எஸ்.பி. எட்டுக் கோடியளவில் விற்றது. அதனைத் தோல்வி என்று கூறுதல் அநீதி. டி.எஸ். விற்றதோ 15 கோடியே 40 இலட்சம். நின்டெண்டோவுந்தான் எப்போதும் பாடத்தை நினைவில் வைத்திருந்தது என்பதில்லை. 2011இல் 3டி.எஸ். என்னும் பொறியை 250 டொலருக்கு விற்கப் புகுந்து, வாங்குவார் குறையவே, சில மாதத்துள் 170 டொலராக விலையை இறக்க நேர்ந்தது.

மின்கலத்துக்கும் வலுவுக்கும் உள்ள உறவை என் வயதொத்த பழைய மாணவர்க்கு விளக்குதல் எளிது. 1990களில் மின்சாரமில்லாத இரவுகளிலே நாம் ஜாம் போத்தல் விளக்கில் இருந்து படித்தவர்கள். மண்ணெண்ணெய் கிடைத்தற்கரியதாக இருந்தது. திரியைத் தடிப்பித்தால் வெளிச்சம் கூடும். எண்ணெய் விடியுமுன் தீர்ந்துவிடும். திரியை மெலிவித்தால் எழுத்துத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். எண்ணெய் அடுத்த நாளைக்கும் மிஞ்சும். பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பார்த்தே திரியின் தடிப்பை வீட்டில் முடிவு செய்தார்கள். கையடக்கக் கணினியில் மின்கலம் எண்ணெய், செயலி திரி. மின்கலத்தின் கொள்ளளவு 40 உவாற்று-மணி என்று வைத்துக்கொள்வோம். செயலி 15 உவாற்று உண்ணுமாயின், திரையும் விசிறியும் பிறவும் உண்பதையும் சேர்க்க, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஓடும். செயலியை 25 உவாற்றுக்கு உயர்த்தினால் ஒன்றரை மணித்தியாலம் நிற்பதே அரிது. இக்கணக்கை எந்த விளம்பரமும் மாற்ற முடியாது.

இனி இன்றைய பொறிகளுக்கு வருவோம். நின்டெண்டோவின் பொறிகள் தமக்கென எழுதப்பட்ட ஆட்டங்களையே ஓட்டுவன. நாம் பேசப் புகுந்தவையோ முழுக் கணினிகள். மேசைக் கணினிக்கென எழுதப்பட்ட ஆட்டங்களை அப்படியே எடுத்து ஓட்டுவன. சீனாவின் ஷென்சென் நகரத்து ஜி.பி.டி. கம்பனி 2016இல் மக்களிடம் முன்பணம் திரட்டி இத்தகைய பொறியொன்றைச் செய்தது. அயாநியோ என்னும் மற்றொரு சீனக் கம்பனியும் 2021இல் அவ்வழியே வந்தது. இவை ஆர்வலர்க்கான பண்டங்கள். விலையும் ஆர்வலர்க்கான விலை. சந்தை என்று சொல்லத்தக்க ஒன்றை உண்டாக்கியது 2022 பெப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் வால்வ் கம்பனி அனுப்பத் தொடங்கிய 'ஸ்டீம் டெக்'. அதன் மிகக்குறைந்த விலை 399 டொலர். அந்த விலையை எட்டுவது வேதனை தருவதாயினும் இன்றியமையாததாக இருந்தது என்று கம்பனித் தலைவர் கேப் நியூவெல் அக்காலத்திற் கூறினார்.

ஸ்டீம் டெக் தன் காலத்தில் மிக வலுவுள்ள பொறியன்று. ஏ.எம்.டி. கம்பனி அதற்கெனச் செய்துகொடுத்த செயலி 4 தொடங்கி 15 உவாற்று வரைக்குள் அடங்கி நடப்பது. திரையும் 1280க்கு 800 புள்ளிகளே. அன்று கைத்தொலைபேசிகள்கூட அதனினும் நுணுகிய திரை கொண்டிருந்தன. ஆனால் புள்ளி குறைந்தால் செயலிக்கு வேலை குறையும், வேலை குறைந்தால் மின்கலம் நிற்கும். யொகோயி உயிரோடிருந்து பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார் என்றே எண்ணுகின்றேன். அவர் 1997இல் வீதி விபத்தொன்றில் இறந்துவிட்டார்.

இன்னொன்றும் கூறவேண்டும். அப்பொறியின் பணிசெயல் முறைமை விண்டோஸ் அன்று, லினக்ஸ். ஆட்டங்களோ பெரும்பாலும் விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. இடையிலே 'புரோட்டன்' என்னும் மென்பொருள் நின்று, ஆட்டம் விண்டோஸின் மொழியிற் கேட்பதை லினக்ஸின் மொழியில் மாற்றிச் சொல்லி, விடையையும் அவ்வாறே மாற்றிக் கொடுக்கின்றது. 1993 தொடக்கம் தன்னார்வலர் பலர் வளர்த்துவந்த 'வைன்' என்னும் மென்பொருளை அடியாகக் கொண்டு 2018இல் வெளியிடப்பட்டது அது. மொழிபெயர்ப்பில் எப்பொழுதும் சிறிது இழப்பு நேரும் என்று வகுப்பறையிலே சொல்லிக் கொடுப்பவன் யான். 2025இல் ஒரே பொறியில் இரு முறைமைகளையும் மாற்றி மாற்றி ஏற்றிச் சோதித்தவர்கள், பல ஆட்டங்கள் மொழிபெயர்ப்பு வழியாக லினக்ஸிலேயே விரைந்து ஓடக் கண்டார்கள். மூலத்தினும் மொழிபெயர்ப்பு மேலாயிற்று. இதனை எந்த இலக்கணத்தில் அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீம் டெக் காட்டிய வழியே மற்றவர்களும் வந்தனர். 2023 யூனில் தைவானின் அசூஸ் கம்பனி 'அலை' என்னும் பொறியை வெளியிட்டது. உயர்ந்த வகைக்கு 700 டொலர். அவ்வாண்டின் பிற்பகுதியில் லெனோவோவின் 'லீஜன் கோ' வந்தது, திரை 8.8 அங்குலம், நிறை 854 கிராம். ஏறத்தாழ ஒரு கிலோ நிறையைக் கையில் ஏந்தி விளையாடுதல் விளையாட்டாகுமா, தேகப்பயிற்சியாகுமா? 2024இல் எம்.எஸ்.ஐ. கம்பனியின் பொறியும் சேர்ந்தது. யாவும் வலுவிற் ஸ்டீம் டெக்கை விஞ்சின என்றே பறையறைந்தன. அசூஸின் முதற் பொறியில் மின்கலம் ஸ்டீம் டெக்கினதைப் போல 40 உவாற்று-மணியே. அதனை உண்ணுஞ் செயலியோ மிகப் பசியுடையது. வாங்கியவர் முறையிட்டனர். அடுத்த ஆண்டு அக்கம்பனி மின்கலத்தை 80 உவாற்று-மணியாக இரட்டித்தது. விலையும் 800 டொலராயிற்று. திரியை மெலிவிக்க மனமின்றி எண்ணெய்ப் போத்தலைப் பெருப்பித்தார்கள்.

வால்வ் கம்பனி 2023 நவம்பரில் தன் பொறியைப் புதுப்பித்தபோது செய்தது இதற்கு நேர்மாறு. ஆட்டம் ஓடும் வலுவை ஏறத்தாழ இருந்தபடியே விட்டுவிட்டது. அதே செயலியை இன்னும் நுண்ணிதாகச் செய்வித்து மின்செலவைக் குறைத்தது. திரையை மாற்றி, மின்கலத்தை 50 உவாற்று-மணியாக்கியது. நிறையை 669 கிராமிலிருந்து 640 கிராமுக்கு இறக்கியது. முன்பு இரண்டு தொடங்கி எட்டு மணித்தியாலம் என்று கம்பனி கூறிய கணக்கு, மூன்று தொடங்கிப் பன்னிரண்டு என்றாயிற்று. புதுமை என்பது மிகுவித்தல் மாத்திரமன்று என்பதற்கு இத்துறையில் இதனினும் நல்ல உதாரணம் யான் அறியேன்.

மொத்தச் சந்தை எவ்வளவு பெரிது? கம்பனிகள் சரியான தொகையை வெளியிடுவதில்லை. ஐ.டி.சி. என்னும் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்றாண்டில் இவ்வினப் பொறிகள் எல்லாமாக 60 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவே அனுப்பப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி ஸ்டீம் டெக்கே. 2024ஆம் ஆண்டின் தொகை 2023ஆம் ஆண்டினதிலும் குறைவு என்பதும் அம்மதிப்பீட்டின் கூற்று. நின்டெண்டோவின் சுவிச் 2017இல் வந்து, 2025 முடியுமுன் 15 கோடியைக் கடந்தது. அந்தச் சமுத்திரத்தின் அருகே இது ஒரு கேணி. போட்டியாளர் பெருகிய பின்னும் கேணி பெருகவில்லை என்பதே கவனிக்கவேண்டியது. வலுவே மக்கள் விரும்பியதாயின், வலுமிக்க பொறிகள் வந்த ஆண்டிலன்றோ சந்தை பெருகியிருத்தல் வேண்டும்?

அவ்வாறாயின் அறிவுடைய கம்பனிகள் ஏன் வலுவையே விற்கின்றன? இங்கேதான் கடையின் கணக்கு வருகின்றது. வால்வ் கம்பனிக்கு 2003 முதல் 'ஸ்டீம்' என்னும் இணையக் கடை இருக்கின்றது. அங்கு விற்கப்படும் ஆட்டமொன்றின் விலையில் நூற்றுக்கு 30 பங்கு கடைக்கு. விற்பனை ஒரு கோடி டொலரைக் கடந்தால் 25 பங்கு, ஐந்து கோடியைக் கடந்தால் 20 பங்கு. இங்ஙனமாகப் பொறியை விற்பதில் இலாபம் இல்லாவிட்டாலும் குறைவில்லை. பொறியை வாங்கியவன் கடைக்கு வந்துகொண்டே இருப்பான். அசூஸுக்கும் லெனோவோவுக்கும் எம்.எஸ்.ஐ.க்கும் அத்தகைய கடை இல்லை. பொறியை விற்ற அன்றே இலாபம் கண்டாக வேண்டும். விண்டோஸுக்கும் உரிமைப்பணம் கொடுத்தாக வேண்டும். எனவே விலை உயரும். உயர்ந்த விலைக்கு ஒரு நியாயம் காட்ட வேண்டும். சிக்கனத்தைக் கடைக்கண்ணாடியிற் காட்ட முடியாது. வலுவைக் காட்டலாம், எண்ணாற் சொல்லலாம், படம் வரைந்து ஒப்பிடலாம். ஆகவே வலு வளர்கின்றது. அதனாற் செலவு வளர்கின்றது. மீண்டும் விலை வளர்கின்றது. இவர்களை யான் பழிக்கவில்லை. கடையில்லாத வியாபாரி வேறென்ன செய்வான்?

மைக்ரோசொஃப்ட் கம்பனியின் செயலே எனக்கு விளங்காதது. அதற்குக் கடையும் உண்டு, மாதச்சந்தா முறையும் உண்டு, விண்டோஸும் அதனுடையதே. 2025 ஒக்டோபரில் எக்ஸ்பொக்ஸ் என்னும் தன் பெயரைத் தாங்கி அசூஸ் செய்த இரு பொறிகள் வெளிவந்தன. அமெரிக்காவில் ஒன்றின் விலை 600 டொலர், மற்றதன் விலை 1000 டொலர். சிறிய திரையில் விண்டோஸ் படுத்தும் பாட்டைக் குறைப்பதற்கு ஒரு முழுத்திரை முகப்பையும் செய்துகொடுத்தனர். அது நல்ல வேலை. ஆனால் விலையைப் பார்க்குமிடத்து, பெயரைக் கொடுத்தவர்கள் மடியை அவிழ்க்கவில்லை என்றே தோன்றுகின்றது. அதே ஆண்டு யூனில் வந்த சுவிச் 2இன் விலை 450 டொலர். ஆயிரம் டொலர்ப் பொறியை வாங்குபவர் இரார் என்பதன்று. அவர்களை வைத்துக் கேணி கடலாகாது.

என் நண்பர் இதற்கு ஒரு மறுப்புக் கூறினார். ஆண்டுதோறும் ஆட்டங்கள் கனக்கின்றன. 2022ஆம் ஆண்டின் செயலி 2025ஆம் ஆண்டின் பெரிய ஆட்டங்களைத் தாங்காது தடுமாறுகின்றது. வலு வேண்டாமென்று நீ சொல்வது கரும்பலகையோடு நிற்பவன் பேச்சு என்றார். மறுப்பில் உண்மை உண்டு. தடுமாறும் ஆட்டங்கள் இருக்கின்றன. நாளைய செயலிகள் குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வேலை செய்யும் என்பதையும் ஒப்புகின்றேன்; அவை வந்தபின் வாங்குவதற்குத் தடையில்லை. ஆனால் ஸ்டீம் டெக்கில் மக்கள் மிகுதியாக விளையாடியவற்றின் பட்டியலைப் பாருங்கள். பெரும்படையோடு வந்த ஆட்டங்களும் அதிலே உண்டு. அவற்றோடு, எரிக் பரோன் என்னும் தனியொருவர் ஆண்டுக்கணக்காக இருந்து ஆக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வலி'யும் உண்டு. தோட்டஞ் செய்வதும் அயலாரோடு பழகுவதுமே அதன் கதை. கனடாவில் ஒருவர் தம் பெயரைக்கூட வெளியிடாமல் ஆக்கி 2024இல் விட்ட 'பலாட்ரோ' என்னும் சீட்டாட்டமும் உண்டு. இவற்றுக்கு 25 உவாற்று எதற்கு? வலுக்குறைந்த, மலிந்த, நீண்ட நேரம் ஓடும் பொறி ஒன்று பலர் கையில் இருப்பதனால், தனியொருவர் அறையில் இருந்து ஆக்கிய படைப்புக்கும் இலட்சக்கணக்கான வாசகர் கிடைக்கின்றனர். (வாசகர் என்றே எழுதிவிட்டேன், திருத்த மனமில்லை.) ஆயிரம் டொலர்ப் பொறிகளே எஞ்சுமாயின், அவற்றை வாங்கியவர்கள் வாங்கிய வலுவுக்கு வேலை கொடுக்கும் பேராட்டங்களையே தேடுவர். சிறியோர் படைப்புக்கு அச்சந்தையில் இடம் சுருங்கும்.

அந்த அச்சம் கற்பனையன்று. 2025 டிசெம்பரில் வால்வ் கம்பனி தன் 399 டொலர் வகையின் உற்பத்தியை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அப்பொழுது எஞ்சிய வகைகளின் தொடக்க விலை 549 டொலர். செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனமையால், அவற்றின் விலை உலகச் சந்தையிற் பன்மடங்கு ஏறியதும் அதே காலத்தில். சந்தையைத் திறந்துவிட்ட தாழ்ந்த வாசல் அடைபட்டது. மறுபக்கத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வால்வ் தன் லினக்ஸ் முறைமையைப் பிறர்க்கும் கொடுக்கத் தொடங்கி, 2025இல் லெனோவோவின் பொறியொன்று அதனோடு வெளிவந்தது. விண்டோஸுக்குக் கொடுக்கும் உரிமைப்பணம் மிஞ்சும். மிஞ்சுவது வாங்குவோர்க்கு வருமா, கம்பனியின் பெட்டிக்குப் போகுமா என்பதைப் பொறுத்தே என் மகிழ்ச்சி.

பொறியை வாங்குவோர் அறியவேண்டிய மற்றொன்று, எது தம்முடையது என்பது. ஸ்டீம் டெக் பூட்டில்லாத கணினி. வேறு முறைமை ஏற்றலாம், வேறு கடையிலும் வாங்கலாம். உதிரிப்பாகங்களை 2022 முதல் ஐஃபிக்ஸிட் என்னும் நிறுவனம் விற்றுவந்தது. வெளிக்கூட்டின் வரைபடங்களையும் கம்பனியே வெளியிட்டது. இவ்வளவும் பாராட்டத்தக்கன. ஆனால் பொறிக்குள் இருக்கும் ஆட்டங்கள் வாங்கியவன் சொத்தல்ல. அவன் பெறுவது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றி, அனுமதியை விற்கும்போது அதனை விற்பனை என்று மயங்கச் சொல்லலாகாது என்று விதித்தது. அவ்வாண்டே ஸ்டீம் கடையிலும் அவ்வாறான அறிவிப்புத் தோன்றியது. 2014இல் யூபிசொஃப்ட் கம்பனி வெளியிட்ட 'த குறூ' என்னும் ஆட்டத்தின் பணிக்கணினிகள் 2024 மார்ச் 31ஆம் நாள் நிறுத்தப்பட்டன. பணங்கொடுத்து வாங்கியவரும் அதன்பின் விளையாட முடியவில்லை. அதனால் எழுந்த கிளர்ச்சி ஐரோப்பாவிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களை 2025 யூலையில் எட்டியது. ஸ்டீமின் ஒப்பந்தப்படி ஒருவர் தம் கணக்கை மற்றொருவர்க்கு மாற்றிக் கொடுத்தலும் இயலாது, மரணசாசனத்தாலும் இயலாது. 2008 முதல் பூட்டில்லாப் பிரதிகளை விற்றுவரும் ஜி.ஓ.ஜி. போன்ற கடைகளும் இல்லாமலில்லை. விலையொத்த இடத்து அங்கு வாங்குக என்பதே என் எண்ணம்.

மின்கலம் மீண்டும் ஏறும் வரை நண்பரும் யானும் மண்டபப் படியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். இப்பொறியிலே இருநூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் தம் கணக்கில் இருப்பதாகச் சொன்னார். அவருடைய மகன் எதில் விளையாடுகின்றான் என்று கேட்டேன். 1990களின் இறுதியிலே, போன புதிதில், பழைய சாமான் கடையொன்றில் தாம் வாங்கிய கேம் போயை மகன் எங்கோ தேடி எடுத்துவிட்டான் என்றார். அதனோடு ஆட்டத்தட்டு மூன்று இருந்தனவாம். தட்டுக்குள் உள்ள சிறு மின்கலம் செத்துவிட்டபடியால், முன்பு விட்ட இடத்திலிருந்து தொடர முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் பையன் முதலிலிருந்தே தொடங்குகின்றானாம். உலர்மின்கலம் நான்கு போட்டுக் கொடுத்தால் அந்த வாரத்துக்குத் தகப்பனைத் தேடமாட்டான் என்று சொல்லிவிட்டு, நண்பர் தம் பொறியின் திரையைப் பார்த்தார். நூற்றுக்கு 34 ஏறியிருந்தது.